பாட்டும் அரட்டையுமான மேடைக் கச்சேரியை ஆல்பமாக்குவது எப்படி?

இருவர் சேர்ந்து நடத்தும் நகைச்சுவைக் கச்சேரியின் பதிவில் பெரும்பாலும் கோட்டை விடுவது சிரிப்பைத்தான். பாடுபவர்களின் மைக்கை மட்டும் நம்பினால் கூட்டத்தின் சிரிப்பு எங்கோ தூரத்து இரைச்சலாகக் கேட்கும். நல்ல ஜோக்கும் செத்துப்போகும். கூட்டத்துக்கென்று தனியாக இரண்டு மைக் தேவை. மேடையின் இரு ஓரங்களிலும், ஸ்பீக்கர் வரிசைக்குச் சற்றுப் பின்னால், ஆட்களைப் பார்த்தபடி வையுங்கள்.

எல்லா மைக்கும் தனித்தனி டிராக்கில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவாகட்டும். ஒத்திகையில் உச்சம் மைனஸ் 18 டெசிபல் (ஒலி உடையும் எல்லைக்கு 18 டெசிபல் கீழே) அருகே நின்றால் போதும். குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். எல்லை மீறி உடைந்துபோன கைதட்டலை ஒன்றும் செய்ய முடியாது. கிட்டாருக்கு நேரடி லைன் எடுங்கள், அதாவது மைக் இல்லாமல் வயர் வழியாகவே பதியுங்கள். மைக் வைத்தால் குரலும் அதில் ஏறி, வரிகள் மங்கும். வரி புரியாத நகைச்சுவைப் பாட்டால் என்ன பயன்?

முடிந்தால் இரண்டு இரவு பதியுங்கள். இரண்டிலும் கிட்டாரை ஒரே சுருதிக்கு (வழக்கமாக A சுரம் 440 ஹெர்ட்ஸ்) ட்யூன் செய்திருந்தால்தான் ஒரு பாட்டின் பிசகிய இடத்தை இன்னொரு இரவிலிருந்து எடுத்து ஒட்டலாம். அரட்டையை மட்டும் அப்படி ஒட்டாதீர்கள். இவர் சொல்லி அவர் மடக்குவதன் வேகம் அன்றைய சிரிப்பைப் பொறுத்தது. மாற்றினால் காது கண்டுபிடித்துவிடும். முகபாவத்துக்கு எழுந்த சிரிப்பு ஆல்பம் கேட்பவருக்குப் புதிராகவே இருக்கும், வெட்டிவிடலாம்.

எல்லா டிராக்கையும் கலக்கும் மிக்ஸிங்கில் முதல் வேலை, கூட்ட மைக்குகளின் தாமதத்தைச் சரிசெய்வது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். அந்தக் கணக்கில் டிராக்கை முன்னால் நகர்த்தாவிட்டால் குரல் இரட்டிக்கும். பாட்டின்போது கூட்ட மைக்குகளின் சத்தத்தை 10 டெசிபல் குறைத்து, சிரிப்பு தொடங்குமுன் மெதுவாக ஏற்றுங்கள். சட்டென்று ஏற்றினால் யாரோ கதவைத் திறந்ததுபோல் இருக்கும். முழுக்க மூடிவிடவும் கூடாது; அரங்கமே காணாமல் போய்விடும்.

வெட்டும் இடம் சிரிப்பு அடங்கும் வால்பகுதியில் இருக்கட்டும். ஒரு செகண்டாவது கிராஸ்ஃபேட் (ஒன்று மெல்லத் தேய, மற்றது மெல்ல எழுவது) கொடுங்கள். ஆல்பத்தின் ஒவ்வொரு டிராக்கையும் தனியாக நார்மலைஸ் செய்தால் (ஒரே உச்ச அளவுக்கு ஏற்றினால்) பேச்சும் பாட்டும் ஒரே சத்தமாகிவிடும், செய்யாதீர்கள்.

ஆல்பத்தில் அரட்டைக்குத் தனி டிராக் கொடுப்பது நல்லது. பாட்டை மட்டும் திரும்பக் கேட்பவர் பழைய ஜோக்கைத் தாண்ட வேண்டியிருக்காது. சிடிக்கு என்றால் டிராக் எல்லைகள் செகண்டில் 75-இல் ஒரு பங்கு என்ற ஃபிரேம் கணக்கில் விழ வேண்டும்; தவறினால் தொடரும் கைதட்டலின் நடுவே ‘டிக்’ கேட்கும்.