கோடையில் பிள்ளைகளைத் தனியே பழக்கும்போது நேரும் தவறுகள்

கோடை விடுமுறைக்கு முன்பே பல வீடுகளில் பட்டியல் தயாராகிவிடும்: மலையேற்றம், ஆற்றுக் குளியல், சைக்கிள் பயணம், கூடாரத்தில் ஓர் இரவு. விடுமுறை முடியும்போது எல்லாம் நடந்தும் இருக்கும். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளை "என் தண்ணி பாட்டில் எங்கே?" என்று அம்மாவைத்தான் கேட்கும். வழி பார்த்தது அப்பா, பை கட்டியது அம்மா, எப்போது திரும்புவது என்று முடிவு செய்ததும் அவர்களே. பிள்ளை கூடவே போய்வந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக, "இனி நீ பெரிய ஆள்" என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுகிறவர்களும் உண்டு. சைக்கிளில் எங்கும் போகலாம் என்று அனுமதி கிடைக்கும். டயர் பஞ்சரானால் என்ன செய்வது, மழை பிடித்தால் எங்கே ஒதுங்குவது என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளைக்கு வெளியிடம் கிடைக்கிறது, முடிவெடுக்கும் பழக்கம் கிடைப்பதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

பையைப் பெரியவர்களே கட்டுவது

தான் கட்டாத பையில் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. மழை வந்தால் மழைச்சட்டையைத் தேடாமல் நம் முகத்தைப் பார்க்கும். பட்டியலைப் பிள்ளையே எழுதட்டும், பொருள்களைத் தரையில் பரப்பி, தானே அடுக்கட்டும். பெரியவர்கள் மூன்றை மட்டும் சரிபார்த்தால் போதும்: தண்ணீர், மழைக்கோ குளிருக்கோ ஒரு மேலுடை, விசில். விளையாட்டுச் சாமான் மறந்துபோனால் மறந்ததாகவே இருக்கட்டும். அடுத்த முறை பட்டியல் தானாக நீளும்.

எடை விஷயத்தில் தாராளம் கூடாது. உடல் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரைதான் பை இருக்கலாம். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரைக் கிலோவில் தொடங்குங்கள். அதில் ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோவைத் தின்றுவிடும். கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். பை கீழே தொங்கினால் பிள்ளை முன்னால் குனிந்து நடக்கும். கைவிரல் மரத்துப்போகிறது என்று சொன்னால் தோள்பட்டி இறுக்கமாக இருக்கிறது அல்லது எடை கூடிவிட்டது என்று அர்த்தம்.

பெரியவர்களின் வேகத்தில் தூரத்தைக் கணக்கிடுவது

மலை நடைக்கு நேரம் கணக்கிட ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு சூத்திரம் தந்தார். மணிக்கு ஐந்து கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இன்றும் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இது உடல்கட்டுள்ள பெரியவர் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. ஆறு கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 42 நிமிடம் வரும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கூட இருந்தால் அதை அப்படியே இரட்டியுங்கள். வண்டு பார்ப்பதும் கல் பொறுக்குவதும் அந்த நேரத்துக்குள் அடக்கம்.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே குறித்துவிட வேண்டும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் வந்துசேர வேண்டுமென்றால், ஒன்பதரைக்கு எங்கே நின்றாலும் திரும்பியாக வேண்டும். உச்சி இருநூறு மீட்டரில் தெரிந்தாலும்தான். கைக்கடிகாரத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, "நேரமாச்சு" என்று அறிவிக்கும் பொறுப்பையும் கொடுங்கள். சொன்ன பிறகு பெரியவர்கள் பேரம் பேசினால் கடிகாரம் கொடுத்ததே வீண்.

வரிசையிலும் ஒரு தவறு நடக்கிறது. வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் உட்கார்ந்து, கடைக்குட்டி மூச்சுவாங்க வந்துசேர்ந்த கணமே "சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்பட்டவருக்குத்தான் அது கிடைப்பதேயில்லை. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். கடைசியில் ஒரு பெரியவர் வரட்டும்.

இடி முழங்கினால் எந்தக் கணக்கும் செல்லாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடி என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம். ஆனால் இடி காதில் விழுந்தாலே மின்னல் நம்மை எட்டக்கூடும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கட்டிடத்துக்கோ மூடிய காருக்கோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம்.

வழி தவறினால் என்ன என்பதைப் பேசாமல் விடுவது

பயமுறுத்துவானேன் என்று இதைத் தவிர்க்கிறவர்கள் அதிகம். வழி தவறிய பிள்ளை இயல்பாகவே பெற்றோரைத் தேடி நடக்கும். நடக்க நடக்கத் தேட வேண்டிய பரப்பு பெரிதாகும். 1981-இல் கலிஃபோர்னியாவின் பலோமார் மலையில் காணாமல்போன ஒன்பது வயதுச் சிறுவன் இறந்துபோன பிறகு, அமெரிக்காவில் பிள்ளைகளுக்கென்றே ஒரு பயிற்சி தொடங்கியது. வழி தெரியவில்லை என்றால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு என்பதுதான் அதன் சாரம்.

நின்ற இடத்தில் நில், விசிலை மூன்று முறை ஊது, சற்று இடைவெளி விட்டு மறுபடி ஊது. இவ்வளவையும் வாயால் சொன்னால் போதாது, ஒருமுறை செய்து பார்க்க வைக்க வேண்டும். கத்தினால் சீக்கிரமே தொண்டை கட்டிவிடும். விசில் அதைவிடத் தூரம் கேட்கும், களைப்பும் இல்லை. "முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதே" என்ற அறிவுரையை அப்படியே விட்டுவிடாதீர்கள். தேடி வந்தவர்களைக் கண்டு ஒளிந்துகொண்ட பிள்ளைகளும் உண்டு. "உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடு" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புறப்படும் காலையில் பிள்ளையை அன்றைய உடையிலேயே ஒரு படம் எடுங்கள். செருப்பு அல்லது ஷூவின் அடிப்பாகத்தையும் எடுத்துவையுங்கள். தேடுபவர்களுக்கு நிறம் எவ்வளவு உதவுமோ அவ்வளவு தடமும் உதவும்.

வழி காட்டும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைப்பதுதான் நல்ல பயிற்சி. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, திரும்பி, வந்த வழியைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது இடப்பக்கம் தெரிந்த பாறை திரும்பும்போது வலப்பக்கம் வேறு உருவத்தில் நிற்கும். பெரும்பாலானோர் தடுமாறுவது இதில்தான். பிள்ளை தவறான பிரிவில் திரும்பினால் உடனே திருத்தாதீர்கள். ஆபத்தில்லாத இடமென்றால் நூறு அடி கூடவே நடந்து, "இந்தப் பாலத்தை வரும்போது பார்த்தோமா?" என்று மட்டும் கேளுங்கள்.

தண்ணீரில் வயதை அளவுகோலாகக் கொள்வது

மற்ற பலவற்றில் தவறினால் சிராய்ப்போடு போகும். தண்ணீரில் அப்படியில்லை. "பன்னிரண்டு வயசாச்சு, நீச்சல் வகுப்புக்குப் போயிருக்கான்" என்பது போதுமான காரணமாகாது. பார்க்க வேண்டியது ஐந்து விஷயங்களைத்தான். தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் குதித்து மேலே வர வேண்டும். ஒரு நிமிடம் மிதக்கவோ நின்ற இடத்தில் நீந்தவோ வேண்டும். ஒரு முழுச்சுற்று திரும்பி, கரையேறும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சுமார் 23 மீட்டர் நீந்த வேண்டும். ஏணி இல்லாமல் மேலே ஏற வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நீரிலேயே இருந்தாக வேண்டும்.

குளத்தில் தேறியவர் ஆற்றிலும் தேறியவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடும் நீர் இழுக்கும், அடி தெரியாது, குளிர்ந்த நீரில் முதல் நிமிடம் மூச்சுத் திணறும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி இங்கே நேரடி எச்சரிக்கை. தலைகீழாகப் பாய்வதோ, அதைவிட மோசம்: ஆழம் குறைந்த இடமென்றால் கழுத்தெலும்பு முறியும். போன வருடம் ஆழமாக இருந்த இடம் இந்த வருடம் மணல் மேடாகியிருக்கலாம்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் வராது. வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போகும், தலை பின்னால் சாயும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும். தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளை விளையாடுவதுபோலவே இருக்கும். திடீரென்று சத்தம் அடங்கினால் உடனே பாருங்கள். கரையில் ஆறு பெரியவர்கள் இருந்தும் இப்படி நடக்கக் காரணம், ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைப்பதே. பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என முறை வைத்து, முறையில் இருப்பவர் கைபேசியைத் தொடக் கூடாது.

காற்று ஊதிய கைப்பட்டையும் மிதவை வளையமும் விளையாட்டுப் பொருள்கள். உயிர்காப்பு உடை என்றால், மாட்டி, கொக்கிகளைப் பூட்டி, தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் அளவு பெரிது, நீரில் பிள்ளை கீழே நழுவிவிடும்.

தம்பியைப் பார்த்துக்கொள் என்று நீர்நிலையில் மூத்த பிள்ளையை ஒருபோதும் காவல் வைக்காதீர்கள். தம்பி மூழ்கினால் அக்கா குதிப்பாள். அப்புறம் இரண்டு பேரையும் காப்பாற்ற வேண்டிவரும். பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய வரிசை: கத்திக் கூப்பிடு, கம்பையோ துணியையோ நீட்டு, மிதக்கும் எதையாவது எறி. நீரில் இறங்காதே.

தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விடுவது

விளையாட்டு மும்முரத்தில் தாகம் தெரியாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதினர் வெயிலில் ஓடியாடும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி வரை குடிக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை. இதைப் பிள்ளையே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும், அது நாம் நூறு முறை நினைவூட்டுவதைவிட மேல்.

தலைவலி, குமட்டல், மிகுந்த களைப்பு தெரிந்தால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து. அவசர உதவியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே குளிர்ந்த நீரை உடல் முழுக்க ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மழுங்கிய கத்தியைக் கொடுப்பது

பாதுகாப்பு என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள். மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் தேவை, அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரல். கூரான, குட்டையான, மடங்காத கத்தியே தொடக்கத்துக்கு நல்லது. உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, முழங்காலுக்கு வெளியே உடலை விட்டு விலகும் திசையில் சீவ வேண்டும். தொடைகளுக்கு நடுவே வைத்துச் சீவக் கூடாது, உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் வட்டத்துக்குள் வேறு யாரும் இருக்கலாகாது. முதல் வேலையாக விரல் தடிமனுள்ள பச்சைக் குச்சியின் பட்டையை உரிக்கச் சொல்லுங்கள்.

தீயிலும் மூட்டுவதை மட்டும் கற்றுத்தந்து அணைப்பதை நாமே செய்துவிடுகிறோம். நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடே தெரியாதவரை பிள்ளைதான் நிற்க வேண்டும். மண்ணைப் போட்டு மூடினால் கங்கு உள்ளே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும், வெறுங்காலோடு வருகிறவர் மிதிப்பார்.

"பார்த்து, பார்த்து!" என்று கத்துவது

எதைப் பார்ப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது. கவனம் கலையும், பிடி தளரும். "அந்தக் கல் ஆடுதான்னு காலால அழுத்திப் பாரு", "அடுத்த பிடி எங்கேன்னு முதல்ல பாரு" என்றால் பயன் உண்டு. உயரம் பிள்ளைக்கே தெரிகிறது, அதற்கேற்ப பயமும் வருகிறது. பட்டுப்போன கிளையும் இலைமறைவில் குளவிக்கூடும் அதற்குத் தெரியாது. பெரியவர்கள் வாய்திறக்க வேண்டியது அங்கேதான்.

மரத்தில் தூக்கி ஏற்றிவிடாதீர்கள். தானே ஏறிய பிள்ளை பெரும்பாலும் வந்த வழியே இறங்கிவிடும். ஏற்றிவிடப்பட்ட பிள்ளைக்கு இறங்கும் வழி தெரியாது.

முதல் முறையே தனியாக அனுப்புவது

ஒரே வழியை நான்கு படியாகப் பழக்கலாம். முதலில் பக்கத்தில் நடங்கள். பிறகு பிள்ளை முன்னே போக, பத்தடி பின்னால் பேசாமல் வாருங்கள். அடுத்து, போய்ச்சேரும் இடத்தில் காத்திருங்கள். கடைசியில்தான் தனியே. சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் இரண்டாம் படியில் பல நாள் நில்லுங்கள். வரும் வண்டியின் தூரத்தைக் கணிப்பதுபோல் வேகத்தைக் கணிக்கச் சிறு பிள்ளைகளால் முடிவதில்லை. சைக்கிள் என்றால் ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் உட்கார வேண்டும். பின்னால் சாய்த்து மாட்டினால் முன்னே விழும்போது நெற்றி வெறுமையாக இருக்கும்.

எங்கே, யாரோடு, எப்போது திரும்புவது, தாமதமானால் என்ன செய்வது: இந்த நான்கும் புறப்படும் முன் பேசி முடிவாகியிருக்க வேண்டும். கைபேசியில் இருப்பிடம் தெரிகிறதே என்று இதை விட்டுவிடுகிறவர்கள், மின்கலம் தீர்ந்த நாளில் திண்டாடுவார்கள். ஒரு பெற்றோரின் எண்ணாவது மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

ஒருநாள் அரைமணி தாமதமாக வந்ததற்காக மொத்த அனுமதியையும் பிடுங்கினால், அடுத்த முறை தாமதத்துக்குப் பொய்க் காரணம்தான் வரும். அடுத்த இரண்டு முறை அதே அரைமணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வழியில் தடுமாறியதுதான் காரணமென்றால் ஒரு படி மட்டும் பின்னே வந்து, போய்ச்சேரும் இடத்தில் மறுபடி காத்திருங்கள்.