மாடலிங் வாய்ப்புக்கு முன்பணம் கேட்டால்: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

விளம்பரத் துறையில் பணம் ஒரே திசையில்தான் நகர்கிறது. சேலையையோ நகையையோ விற்க விரும்பும் நிறுவனம் மாடலுக்கான ஊதியத்தைக் கொடுக்கிறது. ஏஜென்சி அதில் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை மாடலுக்குத் தருகிறது. மாடலுக்கு வேலை கிடைத்தால்தான் ஏஜென்சிக்கு வருமானம் என்பதால், வேலை தேடித் தருவது அதன் சொந்த அக்கறையாகவும் இருக்கிறது. இந்தத் திசை மாறி, வேலை எதுவும் தொடங்குமுன் உங்கள் வீட்டிலிருந்து பணம் வெளியேறுகிறது என்றால், அந்த நிறுவனம் உங்களை வைத்தே பிழைக்கிறது என்று பொருள். பேரேடு எழுதிப் பழகிய வட்டாரத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லைதான். ஆனால் மகளின் படத்தைப் பார்த்து, "இப்படி ஒரு முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்" என்று ஒருவர் சொல்லும்போது வரவு செலவுக் கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

நம் பக்கத்தில் இந்த ஏமாற்று எளிதில் நம்பப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பெரிய வீடுகளில் படப்பிடிப்பு நடப்பது வழக்கமான காட்சி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைக்கு உள்ளூர் முகத்தை வைத்து விளம்பரம் எடுக்கப்போவதாக இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி வந்தால், அது நடக்கக்கூடியதாகவே தோன்றும். அப்போது எந்த வீடு, எந்தத் தேதி, யாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். இங்கே பல வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. அவர்களுடைய சம்மதமும் வாடகைப் பேச்சும் இல்லாமல் முகப்பைக்கூடப் படமெடுக்க விடமாட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒருமுறை விசாரித்தால், அப்படி ஒரு படப்பிடிப்பு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். "இடம் ரகசியம்" என்ற பதில் வந்தால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் கேட்கப்படும் தொகை பெரும்பாலும் சிறியதாக இருக்கும். பதிவுக் கட்டணம் என்று சில நூறு ரூபாயோ ஓரிரு ஆயிரமோ கேட்பார்கள்; அது கிடைத்ததும் "தேர்வாகிவிட்டீர்கள்" என்ற செய்தி வரும். அடுத்து, தாங்கள் சொல்லும் ஸ்டூடியோவில்தான் போர்ட்ஃபோலியோ, அதாவது மாடலின் படத் தொகுப்பு, எடுக்க வேண்டும் என்பார்கள். பெருந்தொகை கைமாறும் இடம் இதுதான். பிறகு ஆடை அளவுக்கு, ராம்ப் வாக் பயிற்சிக்கு, திருப்பித் தரப்படும் முன்வைப்புத் தொகைக்கு, கடைசியில் ஊதியத்தை விடுவிப்பதற்கான வரிக்கு என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முறையும், இதுவரை கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்ற எண்ணம்தான் அடுத்த தொகையைக் கட்டவைக்கிறது. ஆகவே முதல் தொகையின் சிறுமையைப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடாதீர்கள். வரியைப் பற்றி ஒன்று: ஊதியம் தருபவர் வருமான வரி பிடிக்க வேண்டியிருந்தால், அந்த ஊதியத்திலிருந்தே கழித்துக்கொள்வார்; அதற்காக நீங்கள் அவரிடம் முன்கூட்டிப் பணம் கட்டுவது என்ற நடைமுறையே கிடையாது. "சம்பளம் போடுகிறோம், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பதும் பொய்தான். யுபிஐ பின் பணத்தை அனுப்புவதற்குத்தான். பெறுவதற்கு அது தேவையில்லை.

போர்ட்ஃபோலியோ இல்லாமல் ஏஜென்சி எப்படிப் பார்க்கும் என்ற கேள்வி நியாயமானது. புதியவர்களிடம் ஏஜென்சிகள் வழக்கமாகக் கேட்பவை ஒப்பனையும் திருத்தமும் இல்லாத எளிய படங்கள்: நேராகப் பார்க்கும் முகம், பக்கவாட்டு முகம், முழு உருவம். கூந்தலை முகத்தில் விழாமல் கட்டி, உடலளவு தெரியும் சாதாரண உடையில், காலை வெளிச்சத்தில், வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் முன் நின்றால் வீட்டிலிருக்கும் ஒருவர் கைபேசியிலேயே எடுத்துவிடலாம். ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்குத் தூணும் பின்னால் தெரியாமலிருப்பது நல்லது. அவர்கள் பார்க்க விரும்புவது முகத்தை. உள்ளாடையிலோ நீச்சலுடையிலோ படம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தப் படங்களைக் காட்டி மிரட்டிப் பணம் பறிப்பது தனியொரு தொழிலாகவே நடக்கிறது.

நிறுவனத்தைச் சரிபார்ப்பதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். ஜிஎஸ்டி எண் கேளுங்கள். அது 15 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது, தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் பதிவுசெய்த பெயரும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் இலவசமாகத் தெரியும். பணம் கேட்கப்படும் கணக்கு வேறொரு தனிநபர் பெயரில் இருந்தால் மேலே போக வேண்டியதில்லை. பெரிய பிராண்டின் பெயரைச் சொன்னால், அவர்கள் கொடுக்கும் எண்ணை விட்டுவிட்டு, அந்த பிராண்டின் சொந்த இணையதளத்திலுள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். ஆடிஷனுக்குச் சென்னையிலோ மதுரையிலோ ஹோட்டல் அறைக்கு அழைத்தால் தனியாகப் போகக் கூடாது. வீட்டார் உடன் வரக் கூடாது என்பவரிடம் போகவே கூடாது.

14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தையை நடிக்கவைக்கும் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை தேசியமயமான வங்கியில் அதன் பெயரில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். இந்த அனுமதியைப் பற்றிக் கேட்டவுடன் தடுமாறுபவர் உண்மையான தயாரிப்பாளராக இருக்க வாய்ப்பில்லை.

ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால், வெட்கத்தில் நாட்களைக் கடத்தாமல் உடனே இணையப் பண மோசடிகளுக்கான உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போகுமுன் முடக்கப்படும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். அரட்டைப் பதிவுகள், ரசீதுகள், பரிவர்த்தனை எண்கள் எதையும் அழிக்காதீர்கள். ஏமாற்றியவர் வெளியூரில் இருந்தாலும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. முகவரி உள்ள நிறுவனம் என்றால் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் சிவகங்கைக்கும், கோனாபட்டு, இராயவரம்காரர்கள் புதுக்கோட்டைக்கும் போனால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அங்கே கட்டணம் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.