விக்கி நிர்வாகப் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். வடசென்னையின் தெருக்கள், மீன் பெயர்கள், பழைய மில்கள் பற்றி நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு விக்கி நடத்துகிறோம். விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருளான மீடியாவிக்கியில் ஓடுகிறது. அதற்குப் புது நிர்வாகப் பக்கமும், அதன் பின்னால் ஒரு சின்ன ஏபிஐயும் (ஒரு நிரல் இன்னொன்றுக்குக் கட்டளை அனுப்பும் வழி) செய்து தர வந்தவர்கள் இவர்கள். அதில் ஒரு பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். "அண்ணா, பழைய பக்கத்துல எத்தனை பெட்டி இருந்துச்சு பாருங்க. நான் ஒரே பட்டன் ஆக்கிட்டேன்."

பட்டன் மேல் 'பூட்டு' என்று எழுதியிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான்கு வருடத்துக்கு முன் இதே பட்டனை நானும் செய்திருக்கிறேன்.

பாஸ்வேர்டை கோடுக்குள் எழுதக்கூடாது, பேக்கப் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு பூட்டை ஒன்றாக நினைப்பது

மீடியாவிக்கியில் ஒரு பக்கத்துக்குப் பூட்டு ஒன்றல்ல. தொகுப்பதற்கு ஒரு பூட்டு, தலைப்பை மாற்றி நகர்த்துவதற்குத் தனிப் பூட்டு. எங்கள் விக்கியில் இரண்டாவதுதான் முக்கியம். ஊர்ப் பெயர்களை எப்படி எழுதுவது என்று நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ராயபுரமா, இராயபுரமா? தண்டையார்பேட்டையில் 'ப்' உண்டா, இல்லையா? மாதக்கணக்கில் பேசி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுக்கு வந்து, அந்தப் பக்கங்களின் தலைப்பை மட்டும் நிர்வாகிகள் தவிர வேறு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினோம். உள்ளே எழுத யாருக்கும் தடையில்லை.

பழைய நிர்வாகப் பக்கத்தில் இந்த இரண்டு பூட்டுக்கும் இரண்டு பெட்டி. பார்க்கக் குழப்பமாக இருக்கிறது என்று நான் ஒன்றைத் தூக்கிவிட்டேன். ஒரு வாரம் விளம்பரக் குப்பை கொட்டியபோது நாற்பதுக்கு மேற்பட்ட பக்கங்களை என் புதுப் பட்டனால் ஒரே அழுத்தில் பூட்டினேன். 'புதியவர்கள் தொகுக்க முடியாது' என்று ஒரு கட்டளை. எல்லாம் பச்சை நிறத்தில் வந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை.

பூட்டும் ஏபிஐ கட்டளை எப்படி வேலை செய்கிறது என்று அதன் உதவிப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது: நீங்கள் பட்டியலில் சொல்லாத செயல்களின் கட்டுப்பாடு நீக்கப்படும். நான் தொகுப்பை மட்டும் சொன்னேன், நகர்த்தலைச் சொல்லவில்லை. ஆகவே முன்வாசலில் பூட்டு தொங்கியது, பின்வாசல் பூட்டு கழன்று விழுந்துவிட்டது. அந்த ஒரு வரியை நான் படித்திருந்தேன். படித்தும் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான்.

மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு ராயபுரத்தில் இருந்து, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா போன் செய்தார். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றிய பக்கம் அவருடைய உழைப்பு. "இன்னா தம்பி, பூட்டு போட்டுட்டேன்னு சொன்னியே, எவனோ பேரையே மாத்தி வெச்சிருக்கான்!"

மாற்றியவர் கெட்டவர் இல்லை. 'ர'வில் சொல் தொடங்கக் கூடாது என்று நம்புகிற ஒரு நல்ல மனிதர், கண்ணில் பட்ட ராயபுரத்தையெல்லாம் இராயபுரம் ஆக்கிக்கொண்டே போயிருக்கிறார். திருப்பி நகர்த்தினால் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி முடியவில்லை. பக்கத்தை நகர்த்தினால் பழைய தலைப்பில் ஒரு வழிமாற்று, அதாவது வருகிறவரைப் புதுத் தலைப்புக்கு அனுப்பும் சின்னப் பக்கம், உருவாகும். அந்த வழிமாற்றை யாரும் தொடாமல் இருந்தால் திரும்பி வரலாம். இடையில் ஒருவர் அதில் ஒரு வரி எழுதிவிட்டாலும் மீடியாவிக்கி மறுத்துவிடும், நிர்வாகி அதை அழித்த பிறகுதான் வழி கிடைக்கும். பதினோரு பக்கங்களில் பழைய தலைப்பில் புதிதாகவே எழுத ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு கட்டுரை, இரண்டு வரலாறு. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து ஒன்று சேர்க்க இரண்டு ஞாயிறும் மூன்று இரவும் போயின. ஐயா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வரி யார் எழுதியது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் வலித்தது.

செய்ய வேண்டியது இதுதான். பூட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தின் இப்போதைய பூட்டுகளை ஏபிஐயிடம் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் மாற்றத்தைச் சேர்த்து, முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்புங்கள். காலாவதித் தேதியும் அப்படியே. ஒரே தேதி கொடுத்தால் எல்லாப் பூட்டுக்கும் அதுவே பொருந்தும், கொடுக்காவிட்டால் பூட்டு காலவரையின்றி நிற்கும். ஒரு மாதத்துக்கு என்று போட்ட பூட்டு, நீங்கள் வேறெதையோ மாற்றப் போய் நிரந்தரமாகிவிடக் கூடாது.

நீங்களே ஏபிஐ வடிவமைக்கிறீர்கள் என்றால், மீடியாவிக்கியின் பயனர் உரிமைக் கட்டளையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அது 'கடைசியில் என்னென்ன உரிமை இருக்க வேண்டும்' என்று கேட்பதில்லை. எதைச் சேர்க்க, எதை நீக்க என்று தனித்தனியாகக் கேட்கிறது. சொல்லாததைத் தொடாது. நிர்வாக ஏபிஐக்கு அந்தக் குணம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். பட்டனை எடுக்கவில்லை அவள். பட்டனுக்குக் கீழே 'இப்போது உள்ள பூட்டுகள்' என்று இரண்டு வரி வரும்படி செய்தாள். என் பழைய வடிவத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பட்டனை மறைத்துவிட்டு அனுமதி கொடுக்கவில்லை என்று நினைப்பது

பட்டன் தெரியாவிட்டாலும் கட்டளையை நேராக ஏபிஐக்கு அனுப்பலாம். அனுமதி உண்டா என்று சர்வரில் சரிபாருங்கள். வேறு பேச்சில்லை.

நிர்வாகிக் கணக்கிலேயே சோதித்து முடிப்பது

பக்கங்களின் பட்டியலைக் கேட்டால், எண்ணிக்கை சொல்லாதவர்களுக்கு ஏபிஐ 10தான் தரும். சாதாரணக் கணக்குக்கு ஒரு தடவையில் அதிகபட்சம் 500. நிர்வாகிக்கும், 'பாட்' எனும் தானியங்கிக் கணக்குக்கும் 5000. உங்கள் கணக்கில் முழுப் பட்டியலும் வந்துவிடும், தன்னார்வலர் திறந்தால் 'க' வரிசையோடு நின்றுவிடும். பதிலோடு வரும் தொடர்ச்சிக் குறியை எடுத்து அடுத்த கேள்வியில் வைத்து, அது வராமல் போகும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தலைப்பின் நீளத்தை எழுத்தால் எண்ணுவது

மீடியாவிக்கியில் தலைப்புக்கு 255 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் எழுத்தும், அதோடு சேரும் புள்ளி, கால், கொம்பு போன்றவையும் தனித்தனிக் குறிகள். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், அதிலும் 'ண்', 'பே', 'டை' எல்லாம் இரண்டிரண்டு குறிகள். வண்ணாரப்பேட்டை என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, தளத்துக்கு 42 பைட். இடைவெளி இல்லாமல் ஆறு தடவை எழுதினாலே 252 ஆகிவிடும். படிவத்தில் '255 எழுத்துவரை' என்று போட்டால், தமிழில் எழுதுகிறவர் ஏன் தோற்கிறோம் என்றே தெரியாமல் தோற்பார். பைட்டை எண்ணி, மிச்சம் எவ்வளவு என்று தட்டச்சு செய்யும்போதே காட்டுங்கள்.

பழைய ஏபிஐயை அதே நாளில் அணைப்பது

காசிமேட்டு மீன் பெயர்களை எக்செல்லில் இருந்து ஏற்றும் ஸ்கிரிப்ட் ஒன்று எங்கள் நண்பர் வீட்டுக் கணினியில் இரவில் ஓடுகிறது. அப்படி ஒன்று ஓடுவது எனக்கே தெரியாமல் இருந்தது. மீடியாவிக்கி 2020இல் 1.35 பதிப்பில் ரெஸ்ட் ஏபிஐ என்ற புதியதைக் கொண்டுவந்தபோது பழைய ஆக்‌ஷன் ஏபிஐயைத் தூக்கிவிடவில்லை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. நீங்களும் பழையதை ஓடவிட்டு, அதை யார் கூப்பிடுகிறார்கள் என்று சர்வர் பதிவில் பார்த்து, அவர்களிடம் பேசிய பிறகு அணையுங்கள்.

வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டுவது

பெயரை ஒரு துண்டாகவும் 'ஐத் தடைசெய்தீர்கள்' என்பதை இன்னொரு துண்டாகவும் கோடில் ஒட்டினால் 'குமார்ஐத் தடைசெய்தீர்கள்' என்று திரையில் வரும். வேற்றுமை உருபு பெயரோடு சேரும்போது எழுத்து மாறும், அதைக் கோடால் சரிசெய்ய முயலாதீர்கள். முழு வாக்கியத்தையும் ஒரே செய்தியாக வைத்து, பெயருக்கு $1 என்று இடம் விடுங்கள். '$1 என்ற பயனரைத் தடைசெய்தீர்கள்' என்று எழுதினால் எந்தப் பெயரும் பொருந்தும்.