பெங்களூரில் வயரிங் கான்ட்ராக்ட் எடுக்கும் முன்னால்

ஊரில் எட்டு வருஷம் வயரிங் பார்த்துவிட்டு, இங்கே சொந்தமாக கான்ட்ராக்ட் எடுக்கலாம் என்று ஸ்ரீராமபுரத்திலோ ஈஜிபுராவிலோ ரூம் எடுத்திருக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவன்தான். தமிழ்நாட்டு மின் உரிமம் வழங்கும் கிண்டி லைசென்சிங் போர்டு கொடுத்த என் வயர்மேன் பி சர்டிஃபிகேட்டை அப்பா ஃபிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார், கிளம்பும்போது அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். "அங்கேயும் இதே கரண்டுதானடா" என்றார் அம்மா. கரண்டு அதேதான், காகிதம்தான் வேறு.

முதலில் சின்ன வேலைகளை முடித்துவிடலாம். உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் பதிவு, ஆன்லைனில் இலவசம், அதற்கு எவனுக்கும் காசு கொடுக்காதீர்கள். சர்வீஸ் வேலை மட்டும் என்றால் வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. கட்டாயமில்லை, ஆனால் பெரிய பில்டர்கள் நம்பர் இல்லாமல் பேசவே மாட்டார்கள். கடை வைத்தால் ஷாப்ஸ் ஆக்ட் பதிவு, மாநகராட்சி டிரேட் லைசென்ஸ். கடைப் பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், 2024-இல் சட்டமே வந்துவிட்டது. அவ்வளவுதான், ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

நான் ஏமாந்த இடம் இதுதான். இத்தனையும் கையில் இருந்ததும் எனக்குத் தொழில் செய்ய உரிமை வந்துவிட்டது என்று நினைத்தேன். இவை எதுவும் வயரிங் செய்ய அனுமதி கிடையாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறை சொல்வது இது: மாநில அரசு லைசென்ஸ் கொடுத்த கான்ட்ராக்டர் வேலையை எடுக்க வேண்டும், தகுதிச் சான்று உள்ள சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், வேலை செய்கிறவனிடம் அந்த மாநிலம் கொடுத்த, அல்லது அந்த மாநிலம் ஏற்றுக்கொண்ட பர்மிட் இருக்க வேண்டும். 2023-இல் புது விதிமுறை வந்தும் இது மாறவில்லை. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு இதெல்லாம் வேண்டாம். ஆனால் ஏ.சி.க்குப் புதிதாக ஒரு லைன் இழுத்தால் லோடு கூடுகிறது, அப்போது விதிக்குள் வந்துவிடுகிறீர்கள். "ஏற்றுக்கொண்ட" என்ற அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள். கிண்டியின் காகிதம் ஒசூர் தாண்டினால் தானாக ஓடாது.

கே.ஆர்.புரத்தில் மூன்று மாடி வீடு, த்ரீ ஃபேஸ் கனெக்ஷன். என் கையால் இழுத்த வயரிங் அது, லைன்கள் பிரிகிற டி.பி. பெட்டியைத் திறந்தால் வயர்கள் ஜடை பின்னின மாதிரி இருக்கும், பெருமைக்குச் சொல்லவில்லை. இங்கே கரண்டு கொடுக்கும் கம்பெனியான பெஸ்காமில் கனெக்ஷன் கேட்கும்போது லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்ட கம்ப்ளீஷன் ரிப்போர்ட் வேண்டும். எஸ்.பி. ரோட்டில் சாமான் வாங்கும்போது பழக்கமான ஒருவர், "கையெழுத்துக்கு ஆறாயிரம் கொடுங்க, சீல் என்னுடையது" என்றார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நானும் கொடுத்தேன். ஃபைல் பத்தாம் நாள் திரும்பி வந்தது. அந்த மனிதரின் லைசென்ஸ் காலாவதியாகி எட்டு மாசம் ஆகியிருந்தது, புதுப்பிக்கவே இல்லை, நம்பர் செல்லாது. போன் ஸ்விட்ச் ஆஃப். வீட்டுக்காரர், அவரைக் குறை சொல்ல முடியாது, கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்துவிட்டார், கரண்டு வரும்வரை என் பாக்கி 38,000 தர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் ஒரு உண்மையான கான்ட்ராக்டரைப் பிடித்தேன், தாவணகெரெக்காரர், கறாரான ஆள். வந்தவர் கையெழுத்துப் போடவில்லை, பையிலிருந்து மெக்கரை எடுத்தார், வயரின் இன்சுலேஷன் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர் அது. ஒவ்வொரு லைனுக்கும் 500 வோல்ட், ஒரு நிமிஷம், ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. எல்லாம் சரியாகக் காட்டிக்கொண்டே வந்த முள், கிச்சன் லைனில் 0.3-இல் படுத்துவிட்டது. எனக்கு வியர்த்துவிட்டது. சுவரைத் தட்டிப் பார்த்தால், மாடுலர் கிச்சன் மாட்டிய ஆசாரி அடித்த ஸ்க்ரூ பைப்புக்குள் இறங்கி வயரைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. முதல் ஆள் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் இதற்கு கையெழுத்துப் போட்டிருக்கிறார், நானும் மெக்கர் வைக்காமல் அதை வாங்கியிருக்கிறேன். ஆறாயிரம் போனது பெரிதாகத் தெரியவில்லை, அந்த வீட்டில் நாலு வயசுக் குழந்தை இருக்கிறது என்பது இரண்டு ராத்திரி தூங்க விடவில்லை.

ஆகவே வந்ததும் ராஜாஜிநகர் நிர்மாண் பவனில் இருக்கிற மின் ஆய்வுத் துறை அலுவலகத்துக்குப் போய், உங்கள் சர்டிஃபிகேட்டை இங்கே ஏற்க என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். ஒரிஜினலும் இரண்டு செட் ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும். பர்மிட் வரும்வரை லைசென்ஸ் உள்ளவரிடம் வேலைக்குச் சேருங்கள், கூலி குறைந்தாலும் பரவாயில்லை. யாரிடம் சேர்ந்தாலும் லைசென்ஸ் காகிதத்தை வாங்கி, எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று. கவுன்ட்டரில் "நாளெ பன்னி" என்று சொன்னால் கோபப்படாதீர்கள். நாளைக்கு வாங்க என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். முதல் தடவை நான் சண்டைக்குப் போய்விட்டேன்.