டிடூப் பெட்டி வாங்கியும் பேக்கப் விடியும்வரை ஓடுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ இருக்கும் டேட்டா சென்டரில் புதிதாக ஒரு டிடூப்ளிகேஷன் ஸ்டோரேஜ், அதாவது ஒரே தரவை இரண்டாம் முறை எழுதாமல் இடத்தை மிச்சப்படுத்தும் பேக்கப் பெட்டி (சுருக்கமாக டிடூப் பெட்டி), வந்து இறங்குகிறது. இருபதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இடம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றுக்கு ஒன்றுகூடத் தேறியிருக்காது. இரவு தொடங்கிய டேட்டாபேஸ் பேக்கப், காலை ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் மூன்று ஷிஃப்ட் ஓடும் தொழிற்சாலைகளுக்கு ஆளில்லாத இரவு என்று ஒன்று கிடையாது. அங்கே பேக்கப் நீண்டால் உற்பத்திப் பதிவே மந்தமாகிவிடும். பழி பெரும்பாலும் பெட்டியின் மேல் விழுகிறது. நான் பார்த்தவரை கோளாறு பேக்கப் ஸ்கிரிப்டில்தான் இருக்கிறது.

பெட்டி செய்யும் வேலை இதுதான். வரும் தரவைச் சில கேபி அளவுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற ஓர் அடையாள எண்ணை (ஹாஷ்) கணக்கிடும். அதே ஹாஷ் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் துண்டை மறுபடி எழுதாது; பழைய துண்டுக்கு ஒரு குறிப்பு மட்டும் வைத்துக்கொள்ளும். ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் ஆகிய மூன்று டேட்டாபேஸ்களிலும் தரவைச் சேமிக்கும் அலகான பக்கத்தின் (ஆரக்கிளில் இதன் பெயர் பிளாக்) வழக்கமான அளவு 8 கேபி. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் 16 கேபி. நேற்று இருந்த பக்கம் இன்றும் மாறாமல், அதே பைட்களோடு வந்து சேர்ந்தால்தான் பெட்டியால் அதை அடையாளம் காண முடியும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்குமேல், அந்த ஒற்றுமையைப் பெட்டியின் கண்ணுக்குத் தெரியாமல் நாமே மறைத்துவிடுவதால் வருபவை.

முதலாவதும் மிகப் பரவலானதும் பேக்கப்பைச் சுருக்கி அனுப்புவது. டேப்பும் சாதா டிஸ்க்கும் இருந்த காலத்தில் கம்ப்ரெஷன் போடுவது நல்ல பழக்கம். பெட்டி மாறியும் ஸ்கிரிப்ட் மாறவில்லை என்பதுதான் சிக்கல். சுருக்கிய ஓட்டத்தில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தால் அதைத் தொடர்ந்து வரும் பைட்களும் உருமாறிவிடும். உள்ளே இருக்கும் தரவில் 98 சதவீதம் நேற்றையதே என்றாலும் பெட்டிக்கு எல்லாம் புதிதாகவே தெரியும். ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில் ‘கம்ப்ரெஸ்ட் பேக்கப்செட்’ என்று எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் கட்டளையில் மட்டும் பார்த்தால் போதாது. சர்வர் அளவில் கம்ப்ரெஷனை இயல்பாக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் பேக்கப் கருவியான பிஜி டம்ப், கஸ்டம் வடிவில் எடுத்தால் கேட்காமலே சுருக்கிவிடும். சுருக்க அளவை 0 என்று நாமே சொல்ல வேண்டும். இடம் வீணாகுமே என்ற கவலை வேண்டாம். புதிய துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்த பிறகு பெட்டியே அவற்றைச் சுருக்கித்தான் எழுதுகிறது.

என்க்ரிப்ஷன் (குறியாக்கம்) இதைவிட நுணுக்கமானது, கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதும்கூட. பேக்கப்பையே குறியாக்கம் செய்வது ஒன்று, டேட்டாபேஸே தன் ஃபைல்களைக் குறியாக்கி வைக்கும் டிடிஇ போட்டிருப்பது இன்னொன்று. ஆர்மேன் குறியாக்கம் செய்யும்போது ஒவ்வொரு பேக்கப்புக்கும் புதிய சாவி உருவாக்குகிறது. அதனால் ஒரு பக்கம்கூட மாறாத டேட்டாபேஸை இரண்டு நாள் எடுத்தாலும் இரண்டு பேக்கப்புக்கும் பொதுவான துண்டு கிடைக்காது. டிடிஇயில் நிலைமை வேறு. பக்கம் மாறாதவரை அதன் குறியாக்கிய பைட்களும் மாறுவதில்லை. ஆகவே நாளுக்கு நாள் டிடூப் கிடைக்கும், ஆனால் பெட்டியின் சுருக்கம் பலிக்காது. பாதுகாப்புக் குழு ‘பேக்கப் குறியாக்கம் கட்டாயம்’ என்று சொன்னால் அவர்களோடு மோத வேண்டியதில்லை. சர்வரிலிருந்து பெட்டி வரையான பாதையைக் குறியாக்கிவிட்டு, பெட்டிக்குள் டிடூப் முடிந்தபின் டிஸ்க்கில் எழுதும்போது குறியாக்கும் வசதியை இயக்கலாம். தரவு வழியிலும் இருப்பிடத்திலும் மூடியே இருக்கும். அந்த வரைபடத்தைத் தணிக்கைக்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மல்டிபிளெக்சிங். ஆர்மேனில் எதையும் மாற்றாவிட்டால் ஒரு சேனல் (பேக்கப்பை அனுப்பும் பாதை) எட்டு டேட்டாஃபைல்கள் வரை ஒரே சமயத்தில் திறந்து, அவற்றின் பிளாக்குகளைக் கலந்து ஒரே ஓட்டமாக அனுப்பும். எட்டுப் புத்தகங்களின் தாள்களைப் பிரித்துத் தினம் வேறு வரிசையில் அடுக்கிக் கட்டுவதைப் போன்றது இது. தாள்கள் அதேதான், கட்டு மட்டும் ஒருநாளும் ஒன்றுபோல் இருக்காது. டேப்பை நிற்கவிடாமல் ஓட்டுவதற்காக வந்த உத்தி டிடூப் பெட்டிக்கு எதிரியாகிறது. ஒரு தொகுப்பில் எத்தனை ஃபைல் என்று சொல்லும் ஃபைல்ஸ்பர்செட்டை 1 என்று வையுங்கள். வேகத்துக்குச் சேனல்களைக் கூட்டுங்கள். ஒரே ஒரு பெரிய டேட்டாஃபைல் கடைசிவரை தனியாக ஓடிக்கொண்டிருந்தால் செக்‌ஷன் சைஸ் கொடுத்து அதைப் பல சேனல்களுக்குப் பிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு பெட்டி மாடலுக்கும் ஒரே நேரத்தில் எத்தனை ஸ்ட்ரீம் (தரவு ஓட்டம்) தாங்கும் என்ற வரம்பு உண்டு. பத்து டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் கிளம்பும்போது அந்த மொத்தத்தைக் கூட்டிப் பார்த்த பிறகே சேனல் எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் பேக்கப் நேரம் குறையவில்லை என்றால், கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். 6 டிபி டேட்டாபேஸ். புரொடக்‌ஷன் ஸ்டோரேஜ் இரவில் விநாடிக்கு 500 எம்பி படிக்கக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு டேட்டாபேஸையும் படிக்க மட்டுமே 12,000 விநாடி, அதாவது 3 மணி 20 நிமிடம். இடையில் இருப்பது ஒரு கிகாபிட் நெட்வொர்க் என்றால் அதன் உச்சம் விநாடிக்கு 125 எம்பி. 13 மணி 20 நிமிடம் ஆகும். பெட்டி விற்பவர்கள் தரும் டிடி பூஸ்ட், ஸ்டோர்ஒன்ஸ் கேட்டலிஸ்ட் போன்ற பிளகின்கள் (துணை மென்பொருள்கள்) இங்கேதான் உதவுகின்றன. ஹாஷ் கணக்கை டேட்டாபேஸ் சர்வரிலேயே முடித்துப் புதிய துண்டுகளை மட்டும் அனுப்புவதால் நெட்வொர்க் இடையூறு பெரும்பாலும் நீங்கும். ஆனால் 3 மணி 20 நிமிடத்துக்குக் கீழே அவற்றாலும் இறங்க முடியாது. ஏனென்றால் படிப்பது குறையவில்லை. சர்வரின் சிபியூவிலும் கொஞ்சம் போகும். நெட்வொர்க்கில் பெருமளவு மிச்சமானதைப் பார்த்துவிட்டு, பேக்கப் நேரமும் அதே அளவு குறையும் என்று நிர்வாகத்திடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

படிப்பதையே குறைக்க வேண்டுமென்றால் மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமெண்டலுக்குப் போக வேண்டும். ஆரக்கிள் என்டர்பிரைஸ் எடிஷனில் எந்தப் பிளாக்குகள் மாறின என்று ஒரு ஃபைலில் குறித்துவைக்கும் பிளாக் சேஞ்ச் டிராக்கிங் உண்டு. தினமும் 2 சதவீதம் மாறும் 6 டிபி டேட்டாபேஸில் படிக்க வேண்டியது சுமார் 120 ஜிபிதான். அந்த டிராக்கிங் ஃபைலை இயக்காமல் இன்கிரிமெண்டல் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்போது மாறிய பிளாக்குகளைக் கண்டுபிடிக்க ஆர்மேன் முழு டேட்டாஃபைலையும் படித்தாக வேண்டியிருக்கும், மிச்சமாவது எழுதும் நேரம் மட்டுமே. பெட்டியும் பேக்கப் மென்பொருளும் ஒத்துழைத்தால் பழைய முழு பேக்கப்பின் குறிப்புகளையும் இன்றைய மாற்றங்களையும் சேர்த்துப் புதிய முழு பேக்கப்பைப் பெட்டிக்குள்ளேயே உருவாக்கலாம். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

டேட்டாபேஸில் தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸின் பராமரிப்பைப் பேக்கப்போடு சேர்த்து யாரும் யோசிப்பதில்லை. சனிக்கிழமை இரவு எல்லா இன்டெக்ஸையும் ரீபில்டு செய்வது, ஞாயிறு முழு பேக்கப் எடுப்பது என்பது எஸ்க்யூஎல் சர்வர் உள்ள பல இடங்களில் வழக்கம். ரீபில்டு செய்தால் பக்கங்கள் புதிதாக எழுதப்படும். ஒரு வாரத்தின் உண்மையான மாற்றம் சிறிதாக இருந்தாலும் ஞாயிறன்று பெட்டியில் கொட்டுவது பெரும்பகுதி ‘புதிய’ தரவு. போஸ்ட்கிரெஸ்ஸில் வாக்யூம் ஃபுல்லும் இதே விளைவைத் தரும், ஏனெனில் அது அட்டவணையையே மறுபடி எழுதுகிறது. எவை உண்மையிலேயே சிதறியிருக்கின்றனவோ அவற்றுக்கு மட்டும் செய்யுங்கள்.

விகிதத்தை வைத்து பெட்டியை எடைபோடுவதும் ஏமாற்றத்தில் முடியும். 1 டிபி டேட்டாபேஸ், தினம் 2 சதவீத மாற்றம், பெட்டி பாதியாகச் சுருக்குகிறது என்று கொள்வோம். 7 நாள் முழு பேக்கப் வைத்திருந்தால் 560 ஜிபி பிடிக்கும், விகிதம் பன்னிரண்டரைக்கு ஒன்று. அதே டேட்டாபேஸை 30 நாள் வைத்திருந்தால் 790 ஜிபி, விகிதம் முப்பத்தெட்டுக்கு ஒன்று. பெட்டி அதேதான், தரவும் அதேதான். முதல் நாள் பேக்கப்பைப் பார்த்து மனமுடைவதும் சுழியம் நிரப்பிய சோதனை ஃபைலைப் பார்த்து மகிழ்வதும் வீண். ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் ஆர்கைவ் லாக், டிரான்ஸாக்‌ஷன் லாக் எப்போதுமே புதியவை. அவற்றைத் தனியிடத்தில் வைத்துத் தனியாகக் கணக்கிடுங்கள்.

பெட்டியில் பேக்கப்பை அழித்தால் இடம் உடனே திரும்பாது. யாரும் பயன்படுத்தாத துண்டுகளைப் பொறுக்கும் ‘கிளீனிங்’ ஓடிய பிறகே திரும்பும். டெல் நிறுவனத்தின் டேட்டா டொமைன் பெட்டியில் அமைப்பை மாற்றாமல் விட்டால் அது செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்கும், பல மணி நேரம் நீளக்கூடும். ஓஎம்ஆரில் இருந்து அமெரிக்க வாடிக்கையாளர்களைக் கவனிப்பவர்களுக்கு இது முக்கியம்: நியூயார்க்கின் நள்ளிரவு நமக்குக் கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. அவர்களுடைய இரவு பேக்கப் நம் கிளீனிங்கின் மேலேயே வந்து விழும்.

டிடூப்பில் இன்னொரு ஆபத்து, முப்பது பேக்கப்பும் ஒரே துண்டை நம்பியிருப்பது. அது கெட்டால் முப்பதும் கெடும். ஆகவே இரண்டாவது பெட்டி ஆடம்பரம் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு, இரண்டு பிரதிகளையும் சென்னைக்குள்ளேயே வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்று விளக்க வேண்டியதில்லை. ஹைதராபாத் போல உள்நாட்டில் தள்ளியிருக்கும் ஊருக்கு ரெப்ளிகேஷன் (தானாகப் பிரதி அனுப்புதல்) வையுங்கள். புதிய துண்டுகள் மட்டும் போவதால் லிங்க் சின்னதாக இருந்தாலும் சமாளிக்கும். கம்ப்ரெஷனையும் பேக்கப் குறியாக்கத்தையும் நிறுத்தாவிட்டால் அந்த லிங்க்கும் தினம் நிரம்பி வழியும். ரேன்சம்வேர் புகுந்தவன் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான் என்பதால், குறித்த காலம்வரை அழிக்க முடியாதபடி பூட்டும் வசதியை இயக்குங்கள். பெட்டியின் அட்மின் கணக்கு அலுவலக டொமைனோடு சேராமல் தனியே இருக்கட்டும்.

கடைசியாக, ரீஸ்டோர், அதாவது பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்பது. நிறுவனம் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான், ஆனால் பலர் அளப்பது பேக்கப் வேகத்தை மட்டும். ஒரு டேட்டாஃபைலின் துண்டுகள் பல மாதங்களில் பல இடங்களில் எழுதப்பட்டவை. அவற்றைத் தேடித் திரட்டி முழு உருவாக்க வேண்டியிருப்பதால் ரீஸ்டோர் பேக்கப்பைவிட மெதுவாகலாம். எக்ஸாகிரிட் போன்ற சில பெட்டிகள் அண்மைய பேக்கப்பை டிடூப் செய்யாமல் தனிப் பகுதியில் வைத்திருப்பது இதற்காகவே. ஆர்மேனின் ‘ரீஸ்டோர் வேலிடேட்’, எஸ்க்யூஎல் சர்வரின் ‘வெரிஃபை ஒன்லி’ இரண்டும் பேக்கப்பைப் படிக்க முடிகிறதா என்று சொல்லும். எத்தனை மணி நேரத்தில் கணக்குப் பிரிவு மறுபடி பில் போட முடியும் என்பதை அவை சொல்லாது. காலாண்டுக்கு ஒருமுறையாவது இரண்டாவது ஊரின் பெட்டியிலிருந்து முழு டேட்டாபேஸை இறக்குங்கள். ஃபைல்கள் இறங்கிய நேரம், லாக்குகள் ஏறிய நேரம், அப்ளிகேஷன் திறந்த நேரம் மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். பெட்டி ஏறத்தாழ நிரம்பியிருக்கும் வாரத்தில், மற்ற பேக்கப்புகளும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்யுங்கள். காலிப் பெட்டியில் எடுத்த எண்ணை நிர்வாகத்துக்குக் கொடுக்காதீர்கள்.