ஃபாஸ்டர் கேர் டேட்டா: தலையை எண்ணாதீர்கள், குழந்தையைப் பின்தொடருங்கள்

அமெரிக்காவில் செப்டம்பர் 30 அன்று ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடமிருந்து எடுக்கப்பட்டு அரசின் பொறுப்பில் வேறு வீட்டிலோ விடுதியிலோ, எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு எண் வரும். 1999-ல் சுமார் 5,67,000. 2012-ல் 4 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. அப்புறம் ஏறி 2017, 2018-ல் 4,30,000-ஐத் தாண்டியது, 2021-ல் 3,91,000 ஆனது, 2023-ல் சுமார் 3,43,000. செய்தி, நிதி கேட்கும் விண்ணப்பம், சட்டசபைப் பேச்சு என்று எங்கே பார்த்தாலும் இந்த எண்தான் முன்னால் வந்து நிற்கும். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆனது என்பதற்கு இதில் பதில் கிடையாது. நீங்கள் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் வேலை செய்பவராக இருக்கலாம், கோர்ட்டில் குழந்தைக்காகப் பேசும் காசா தன்னார்வலராக இருக்கலாம், சோஷியல் வொர்க் படிக்கும் மாணவராகவோ, வேறு துறையில் டேட்டா வேலை பார்த்துக்கொண்டே இதில் உதவ நினைப்பவராகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் முதலில் பழக வேண்டியது ஒன்றுதான்: ஒரே வருடத்தில் உள்ளே வந்த குழந்தைகளை ஒரு குழுவாக எடுத்து, அவர்கள் வெளியே போகும்வரை, போன பிறகும்கூட, விடாமல் பின்தொடர்வது.

ஏன் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு வீட்டில் வருடம் முழுக்கத் தங்கும் குழந்தை ஒன்று. மாதத்துக்கு ஒன்றாக வந்து அந்த மாதக் கடைசியில் பெற்றோரிடம் திரும்பும் குழந்தைகள் பன்னிரண்டு. எந்த நாளில் போய் எட்டிப் பார்த்தாலும் அங்கே இரண்டு பேர்தான் இருப்பார்கள், அதில் ஒருவர் வருடம் முழுக்கத் தங்குபவர், ஆகவே "பாதிப் பேர் நீண்ட காலமாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்" என்று எழுதத் தோன்றும். வந்த 13 பேரில் 12 பேர் ஒரே மாதத்தில் வீடு திரும்பியது அந்த ஒரு நாள் கணக்கில் தெரியவே தெரியாது. செப்டம்பர் 30 எண்ணை வைத்து எடுக்கும் சராசரிகளில் எல்லாம் இந்தக் கோளாறு இருக்கும், நீண்ட நாள் இருப்பவர்கள் அளவுக்கு மீறித் தெரிவார்கள்.

வெளியேறியவர்களை மட்டும் எடுத்து "சராசரியாக இத்தனை மாதம்" என்று சொல்வது இதைவிட ஆபத்தானது. ஒரு கவுண்டி நாலைந்து வருடமாகத் தேங்கிக் கிடந்த தத்தெடுப்பு வழக்குகளை ஒரே வருடத்தில் முடித்துக் கொடுக்கிறது என்று வையுங்கள். அந்தக் குழந்தைகளுக்கு அது பெரிய நல்ல செய்தி. ஆனால் அந்த வருடம் வெளியேறியவர்களின் சராசரிக் காலம் எகிறிவிடும், வரைபடத்தைப் பார்ப்பவர் நிலைமை மோசமாகிவிட்டது என்று நினைப்பார்.

சரி, டேட்டா எங்கே கிடைக்கும்? மாநிலங்கள் எல்லாம் 1990-களின் நடுவிலிருந்து ஆஃப்கார்ஸ் என்ற அமைப்பின் கீழ் மத்திய அரசின் சில்ட்ரன்ஸ் பீரோவுக்குக் குழந்தைவாரியாகத் தகவல் அனுப்புகின்றன. வருடம் என்பது அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை என்பதை மறக்காதீர்கள், 2021 என்றால் 2020 அக்டோபரில் தொடங்கியது. பெயர் நீக்கிய கோப்புகள் என்டாகான் என்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1988-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இடம் அது, நிபந்தனைகளில் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தால் இலவசமாகவே தருவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு மாநிலத்தின் போக்கைப் பார்த்தால் போதும் என்றால் ஆனி இ. கேசி அறக்கட்டளையின் கிட்ஸ் கவுண்ட் தளம் போதும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல வசதி உண்டு: பெர்க்லி பல்கலைக்கழகத்தின் குழந்தை நலக் குறியீட்டுத் திட்டத்தில், உள்ளே வந்த வருடவாரியாகக் குழந்தைகளைப் பின்தொடரும் அட்டவணைகள் கவுண்டி அளவில் தயாராகவே கிடைக்கும். கம்ப்யூட்டர் நிரல் எழுதத் தெரியாதவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆஃப்கார்ஸ் கோப்பைத் திறந்தால் ஒரு குழந்தைக்கு ஒரு வரி இருக்கும். அந்த வரியில் கடைசியாக வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட தேதி, எத்தனை முறை எடுக்கப்பட்டார், இப்போது எந்த மாதிரி இடத்தில் இருக்கிறார், இந்த முறை எத்தனை இடம் மாறினார், வெளியேறிய தேதி, காரணம் எல்லாம் வரும். ஒரு வருடக் கோப்பு மட்டும் இருந்தால் பின்தொடர முடியாது. ஆகவே ஆறேழு வருடக் கோப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, குழந்தையின் அடையாள எண்ணையும் எடுக்கப்பட்ட தேதியையும் சேர்த்து ஒரு திறவுகோலாக வைத்து, ஒரே தங்கலுக்கு ஒரே வரி என்று சுருக்க வேண்டும், அதில் கடைசி வருடத்துத் தகவலை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 2016-ல் உள்ளே வந்தவர்கள் என்று வடிகட்டினால் உங்கள் குழு தயார். முதல் முறையாக வந்தவர்களை மட்டும் எடுப்பது நல்லது. இரண்டாவது, மூன்றாவது முறை வரும் குழந்தைகளின் கதை வேறு, அவர்களைத் தனியாகப் பாருங்கள்.

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. மாநிலம் தன் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றும்போது அடையாள எண்களும் மாறிவிடலாம், அப்படி மாறினால் ஒரே குழந்தை இரண்டு குழந்தையாகத் தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: செப்டம்பர் 30 அன்று உள்ளே இருந்த ஒவ்வொருவரும் அடுத்த வருடக் கோப்பிலும் இருந்தே ஆக வேண்டும், உள்ளேயே இருந்தாலும் சரி, வெளியேறியிருந்தாலும் சரி. மாநிலவாரியாக எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று பாருங்கள். ஒரு மாநிலத்தில் மட்டும் அது சட்டென்று விழுந்தால் அந்த மாநிலத்தை அந்த இடத்தில் வெட்டுங்கள், இட்டு நிரப்பப் பார்க்காதீர்கள். வேறு மாநிலத்துக்குப் போய் அங்கே மறுபடி ஃபாஸ்டர் கேருக்கு வரும் குழந்தையை இந்த எண்ணால் இணைக்கவே முடியாது.

தேதிகளிலும் ஒரு விஷயம். அடையாளம் தெரியாமல் இருக்கப் பிறந்த தேதியை எல்லாருக்கும் மாதத்தின் 15 என்று மாற்றி, மற்ற தேதிகளையும் அதே அளவு நகர்த்தியிருக்கிறார்கள். இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட நாள்கள் சரியாகவே இருக்கும், ஆகவே தங்கிய காலத்தை நம்பிக் கணக்குப் போடலாம். "பள்ளி திறந்த வாரத்தில் எத்தனை பேர் வந்தார்கள்" என்பது போன்ற கேள்விக்கு இதில் பதில் தேடாதீர்கள். சிறிய கவுண்டிகளின் பெயரும் மறைக்கப்பட்டிருக்கும். இன்னொன்று, 2022 அக்டோபரிலிருந்து புதிய ஆஃப்கார்ஸ் விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன, ஆகவே 2023-க்கு முன்னும் பின்னும் ஒரே கோடாக இழுக்கும் முன் இரண்டு வருடத்துக் கையேடுகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டத்தின் அர்த்தமும் அதேதானா என்று பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் பாருங்கள்.

குழு தயாரானதும் முதல் கேள்வி: எத்தனை பேர், எவ்வளவு காலத்தில், எங்கே போனார்கள்? சராசரி வேண்டாம், ஏனென்றால் சிலர் இன்னும் உள்ளேயே இருப்பார்கள், அவர்கள் கணக்கு முடியவில்லை. 6 மாதம், 12 மாதம், 24 மாதம், 36 மாதம் என்று நிறுத்தி நிறுத்தி, அதுவரை எத்தனை சதவீதம் வீடு திரும்பினார்கள், எத்தனை பேர் தத்தெடுக்கப்பட்டார்கள், எத்தனை பேர் உறவினரின் சட்டப் பொறுப்புக்குப் போனார்கள், எத்தனை பேர் இன்னும் உள்ளே என்று நான்கு நிறப் பட்டையாகப் போடுங்கள். எக்செலிலேயே முடியும். ஆர் (R) என்ற நிரல் மொழி தெரிந்தவர்கள் அதன் சர்வைவல் தொகுப்பைப் பயன்படுத்துவீர்கள், நல்லது, ஆனால் வீடு திரும்புவதை மட்டும் கப்ளான்-மையர் முறையில் (காலம் போகப் போக எத்தனை பேருக்கு ஒரு முடிவு நேர்கிறது என்று மதிப்பிடும் முறை) போட்டு, தத்தெடுக்கப்பட்டவர்களைப் "பாதியில் நின்றவர்கள்" என்று கருதாதீர்கள். தத்தெடுக்கப்பட்ட குழந்தை இனி அந்த வழக்கில் வீடு திரும்பப் போவதில்லை. அப்படிக் கருதினால் வீடு திரும்பும் சதவீதம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். ஒவ்வொரு முடிவையும் போட்டி முடிவாக, அதாவது ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்று, எடுத்துக்கொள்ளும் கணக்கு அதே தொகுப்பில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

வேகமாக வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் அளந்தால் அரைகுறை அனுப்புதல்களும் வெற்றியாகவே தெரியும். ஆகவே பக்கத்திலேயே இன்னொரு கோடு கட்டாயம்: வெளியேறியவர்களில் 12 மாதத்துக்குள் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர். இரண்டில் ஒன்றை மட்டும் காட்டும் எந்த அறிக்கையையும் நான் முழுதாக நம்ப மாட்டேன். மாநிலங்களை மதிப்பிடும்போது மத்திய அரசும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. அங்கே 8 நாளுக்குக் குறைவாகத் தங்கியவர்களை விட்டுவிடுகிறார்கள், உங்கள் எண் அரசு எண்ணோடு பொருந்தவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

இட மாற்றத்தை எண்ணும்போது "சராசரியாக மூன்று இடம்" என்று எழுதினால் அது பெரும்பாலும் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பதையே வேறு வார்த்தையில் சொல்கிறது. மொத்த இட மாற்றத்தை மொத்த நாள்களால் வகுத்து, 1,000 நாளுக்கு இத்தனை என்று சொல்லுங்கள், அரசும் அப்படித்தான் அளக்கிறது. வயதுவாரியாகப் பிரியுங்கள். கைக்குழந்தைக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே எண் போட்டால் இருவரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. பதின்வயதுப் பிள்ளைகள் குடும்பத்தில் இருக்கிறார்களா, குழு விடுதியிலா, நிறுவனத்திலா என்று பாருங்கள். 2018-ல் வந்த ஃபேமிலி ஃபர்ஸ்ட் சட்டம் குழு விடுதிகளுக்கான மத்திய நிதியைக் கட்டுப்படுத்தியது, அதன் விளைவு தெரிய வேண்டிய இடம் இதுதான்.

காரணங்கள் பகுதியில் ஒரு எச்சரிக்கை. பழைய ஆஃப்கார்ஸில் ஒரு குழந்தைக்கு 15 காரணங்களில் எத்தனை வேண்டுமானாலும் குறிக்கலாம், கூட்டினால் 100-ஐத் தாண்டும். 2021-ல் புறக்கணிப்பு 60 சதவீதத்துக்கு மேல், பெற்றோரின் போதைப் பழக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். புறக்கணிப்பு என்ற அந்த ஒரே கட்டத்துக்குள் வறுமை, வீடில்லாமை, கவனிக்க ஆளில்லாமை எல்லாம் கலந்து கிடக்கலாம், பெற்றோரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக அதை எழுதிவிடாதீர்கள்.

போக்கு இறங்கும்போதுதான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். டெக்ஸஸில் 2021 செப்டம்பரில் புறக்கணிப்பின் சட்ட வரையறையை இறுக்கினார்கள், உடனடி ஆபத்து இருந்தால்தான் என்று. அதற்குப் பிறகு எண்ணிக்கை குறைந்ததைக் குடும்பங்கள் திடீரென்று மாறிவிட்டன என்று படிக்க முடியாது. 2020-ல் பள்ளிகள் மூடியபோது குழந்தைகளைத் தினமும் பார்க்கும் ஆசிரியர்களின் கண்ணில் அவர்கள் படவில்லை, புகார்கள் குறைந்தன. அப்புறம், கோர்ட்டுக்குப் போகாமல் "பாட்டி வீட்டில் விட்டுவிடுங்கள்" என்று அதிகாரிகளே ஏற்பாடு செய்யும் குழந்தைகள் ஆஃப்கார்ஸில் வருவதே இல்லை. அந்தப் பாட்டிக்கு ஃபாஸ்டர் கேர் உதவித்தொகையும் கிடைப்பதில்லை. ஒரு கவுண்டியில் எண்ணிக்கை விழுந்தால், அந்த வருடம் என்ன சட்டம், என்ன நடைமுறை மாறியது என்று வழக்குப் பணியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் படத்துக்குத் தலைப்பு வையுங்கள்.

இன வேறுபாட்டைப் பார்க்கும்போது சதவீதத்தைவிட விகிதம் நல்லது: அந்த இனத்துக் குழந்தைகள் 1,000 பேருக்கு எத்தனை பேர் உள்ளே வந்தார்கள். கறுப்பினக் குழந்தைகள் நாட்டின் குழந்தைகளில் சுமார் 14 சதவீதம், ஃபாஸ்டர் கேரில் 22 சதவீதம் அளவில் இருக்கிறார்கள். இந்த இடைவெளி உள்ளே வரும்போதே உண்டாகிறதா, வெளியேறத் தாமதமாவதால் உண்டாகிறதா என்பது செப்டம்பர் 30 எண்ணில் தெரியாது. வருகை விகிதத்தையும் வெளியேறும் வேகத்தையும் தனித்தனியாகப் போட்டால்தான் எந்தக் கதவில் கோளாறு என்று தெரியும். பூர்வகுடிக் குழந்தைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். பல இனம் குறித்தவர்களை எந்தப் பக்கம் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறும், எந்த முடிவு எடுத்தாலும் அதை எழுதி வையுங்கள்.

18, 21 வயதில் யாருடைய குடும்பத்திலும் சேராமல் வெளியேறும் பிள்ளைகளை நினைத்துத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன். 2021-ல் அப்படி வெளியேறியவர்கள் 19,000-க்கும் மேல். அவர்களைப் பற்றிய டேட்டா நிட்டிட் என்ற தொகுப்பில் இருக்கிறது: 17 வயதில் ஒரு கேள்வித்தாள், அதே பிள்ளைகளிடம் 19-லும் 21-லும் மறுபடியும். வேலை, படிப்பு, வீடில்லாமை, மருத்துவக் காப்பீடு, நம்பிப் பேச ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதெல்லாம் கேட்கிறார்கள். ஆஃப்கார்ஸ் எண்ணோடு இணைக்கலாம், ஆகவே பத்து இடம் மாறிய பிள்ளைக்கும் ஒரே வீட்டில் இருந்த பிள்ளைக்கும் 21 வயதில் என்ன வித்தியாசம் என்று உண்மையாகவே பார்க்க முடியும். ஆனால் வீடில்லாமை பற்றிய கேள்வி 17 வயதில் "வாழ்நாளில் எப்போதாவது" என்றும், 19, 21-ல் "கடந்த இரண்டு வருடத்தில்" என்றும் இருக்கிறது. மூன்றையும் ஒரே கோட்டில் இணைத்து ஏறியது, இறங்கியது என்று எழுதினால் தவறு. 21 வயதில் பதில் சொல்லாமல் போனவர்கள் யார் என்றும் பாருங்கள். தொடர்பு விட்டுப்போனவர்கள் பெரும்பாலும் நிலையான முகவரி இல்லாதவர்களாக இருக்கக்கூடும், கோப்போடு வரும் எடை எண்களை (பதில் சொல்லாதவர்களை ஈடுகட்டத் தரப்படும் எண்களை) போட்டுக் கணக்கிட்ட பிறகும் அந்தச் சந்தேகத்தை அறிக்கையில் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிப் படிப்பு பற்றி ஆஃப்கார்ஸில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, மாநிலக் கல்வித் துறையிடம் போங்கள். கலிஃபோர்னியாவின் பள்ளி டாஷ்போர்டில் ஃபாஸ்டர் மாணவர்கள் தனிப் பிரிவாகவே வருகிறார்கள்.

வெளியிடும் முன் ஒவ்வொரு அட்டவணையிலும் பத்துக்குக் கீழே இருக்கும் கட்டங்களை மறையுங்கள், மற்றவற்றைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி பக்கத்துக் கட்டம் ஒன்றையும் சேர்த்து. சின்ன ஊரில் "13 வயது, பூர்வகுடி, இந்த வருடம் திரும்பி வந்தவர்: 1" என்று போட்டால் அது எந்தப் பிள்ளை என்று அவள் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.