உரக்கப் படிக்க, மனசுக்குள் படிக்க, விட்டுவிட: பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு நாவல் தேர்ந்தெடுப்பது

"இந்த நாவலைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் கேட்பது, அதில் 'அந்த மாதிரி' இடம் ஏதாவது இருக்கிறதா என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் முதலில் கேட்க வேண்டியது அது இல்லை. ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மாடி அறையில் பல வருடமாக பிளஸ் ஒன், பிளஸ் டூ, கல்லூரி முதல் வருடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாவல் படிக்கிறேன். மண்ணடியிலிருந்து தொழுகை தவறாத வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். காசிமேட்டிலிருந்து காலையில் பூசை முடித்துவிட்டு வருகிறவர்கள், வியாசர்பாடியிலிருந்து சபைக்குப் போகிற குடும்பத்துப் பெண்கள், எல்லாரும் ஒரே பாயில்தான். இவர்களுக்குக் கனமான ஒரு நாவல் பொருந்துமா என்று நான் எப்படி முடிவு செய்கிறேன் என்பதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முதல் வேலை, முழுப் புத்தகத்தையும் நீங்களே படிப்பது. பின்னட்டை, யாரோ எழுதிய விமர்சனம், சினிமாவாக வந்ததைப் பார்த்தது, இதெல்லாம் போதாது. கடைசிப் பக்கம் வரை படித்தால்தான், நடுவில் உறுத்திய ஓர் இடத்தை எழுதியவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்பது தெரியும். முதல் தடவை வாசகராகப் படியுங்கள். இரண்டாம் தடவை பென்சிலோடு. அந்தப் பென்சிலில் என்ன குறி போடுவது என்பதில்தான் எனக்கு நிறைய நாள் போயிற்று.

மண்ணடியில் ஒரு வீடு, மூன்றாவது மாடி. படியெல்லாம் செருப்பு. மாணவியின் உம்மா, ஓரம் மடித்திருந்த பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். "டீச்சர், இதை நீங்களே வாசிச்சிக் காட்டுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நாலு வரி வாசித்தேன், ஐந்தாவது வரியில் என் குரல் தானாக இறங்கிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை வாங்கி மூடி, டீ போட உள்ளே போனார்.

அதிலிருந்து ஒரு வருடம் நான் ஒரே விதிதான் வைத்திருந்தேன்: அந்த உம்மாவின் முன்னால் உரக்கப் படிக்க முடியாத புத்தகம் வேண்டாம். பாதுகாப்பான விதிதான், ஆனால் தப்பான விதி. அந்த வருடம் நாங்கள் படித்தவற்றில் யாரும் பெரிதாகத் தப்பு செய்யவில்லை, யாருக்கும் பெரிதாக எதுவும் நேரவும் இல்லை. பிள்ளைகள் மரியாதைக்காக வந்துபோனார்கள்.

நான் தெளிந்தது யூதர்களின் ஒரு பழைய நூலைப் படித்தபோது. நம் பக்கத்துக்கு யூதர்கள் ஒன்றும் அந்நியமில்லை. 17-ஆம் நூற்றாண்டில் லண்டன் வழியாக வந்த யூத வியாபாரிகள் இங்கே பவளத்தை இறக்கி கோல்கொண்டா வைரத்தை ஏற்றினார்கள், பவளக்காரத் தெருவுக்குப் பேர் வந்தது அதனால்தான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் மெகில்லா என்று ஒரு பகுதி உண்டு. அந்தக் காலத்தில் ஜெப ஆலயத்தில் ஒருவர் வேதத்தை எபிரேயத்தில் வாசிப்பார், பக்கத்தில் நிற்கிற இன்னொருவர், நம் ஊர் துபாஷி மாதிரி, ஒவ்வொரு வசனமாக அரமேய மொழியில் ஜனங்களுக்குச் சொல்வார். சங்கடமான இடம் வந்தால் என்ன செய்வது? மிஷ்னா இடத்துக்கு இடம் வேறு வேறு விதி சொல்கிறது. யாக்கோபின் மகன் ரூபன் தன் தகப்பனின் மறுமனையாட்டியோடு சயனித்த சம்பவத்தை வாசிக்கலாம், ஆனால் மொழிபெயர்க்க வேண்டாம். யூதா, தாமார் கதையை வாசிக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். இன்னும் சில இடங்களை வாசிக்கவும் வேண்டாம், மொழிபெயர்க்கவும் வேண்டாம்.

தாமார் கதை லேசான கதையா? மாமனார், விதவை மருமகள், முகத்தை மூடிய முக்காடு, வழியோரம். ஆதியாகமம் 38-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அதை ஏன் எல்லாருக்கும் புரியச் சொல்லலாம் என்பதற்கு, மிஷ்னாவை விளக்கப் பிற்காலத்தில் எழுந்த தல்மூத் தருகிற காரணம், யூதா தன் தப்பை ஒப்புக்கொண்டான், அது அவனுக்குப் பெருமை என்பதுதான். "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்று அவன் எல்லார் முன்னாலும் சொல்கிறான். ஒரு சம்பவத்தில் என்ன நடக்கிறது என்பதைவிட அது எங்கே போய் முடிகிறது என்பதை வைத்துத்தான் அந்தப் பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்றுதான் என் பென்சிலுக்கு மூன்று குறி கிடைத்தது.

கூட்டத்தில் உரக்கப் படித்துப் பேசக்கூடிய இடத்துக்கு ஒரு கோடு. வீட்டில் அவரவர் மனசுக்குள் படித்துவிட்டு வரலாம், கூட்டத்தில் நான் விளக்கப் போவதில்லை என்கிற இடத்துக்கு இரண்டு கோடு. இந்த வயதுக்கு வேண்டாம் என்கிற இடத்துக்கு மூன்று. இரண்டு கோடு எத்தனை வந்தாலும் நான் பயப்படுவதில்லை. மூன்று கோடு நாலைந்து வந்துவிட்டால் புத்தகத்தையே தள்ளி வைத்துவிடுவேன். பக்கத்தைக் கிழிப்பது, பேனாவால் கறுப்பாக்குவது, ஜெராக்ஸ் எடுக்கும்போது நைசாக விட்டுவிடுவது, இதெல்லாம் செய்யாதீர்கள். பிள்ளைகள் முதலில் தேடிப் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்போது ஓர் உதாரணம். ஹயிம் போட்டோக் எழுதிய 'தி சோசன்', 1967-இல் வந்த ஆங்கில நாவல். போட்டோக் தானே ரப்பியாக, அதாவது யூத மதகுருவாகப் பட்டம் பெற்றவர். கதை 1940-களில் நியூயார்க்கின் புரூக்ளினில், வில்லியம்ஸ்பர்க் பகுதியில் நடக்கிறது. டேனி, மிகக் கட்டுப்பாடான ஹசிதிய யூதப் பிரிவைச் சேர்ந்த ரப்பியின் மகன், அப்பாவுக்குப் பிறகு அந்த இடத்தில் உட்கார வேண்டியவன். ரூவனும் பக்தியான யூதப் பையன்தான், ஆனால் அவன் அப்பா வேதத்தையும் நவீனப் படிப்பையும் சேர்த்துப் பார்க்கிறவர். டேனி பொது நூலகத்தில் ஒளிந்து உட்கார்ந்து டார்வினையும் ஃபிராய்டையும் படிக்கிறான். பக்தியான வீட்டுப் பையன் என்ன படிக்கலாம் என்பதுதான் கதையே, அதனாலேயே எங்கள் கூட்டத்துக்கு எடுத்தேன்.

'அந்த மாதிரி' இடம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாமா? இதே நாவலைப் பக்தியுள்ள யூத மாணவர்களிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த யூத மாணவர்கள் என்பதுதான் முதல் கேள்வி. வேதப் படிப்போடு வெளி இலக்கியத்தையும் பாடமாக நடத்துகிற நவீன ஆர்த்தடாக்ஸ் பள்ளி ஒன்று, பையன்களின் நேரம் முழுக்கத் தல்மூதுக்கே என்று நினைக்கிற ஹசிதியப் பள்ளி இன்னொன்று. இரண்டாவது இடத்தில் புத்தகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வேதம் படிக்க வேண்டிய நேரத்தை இது தின்னும் என்பதே ஒரு கவலை. அப்புறம், மகனிடம் தல்மூத் படிக்கும்போது தவிர வேறு நேரத்தில் பேசாமலே வளர்க்கிற ஒரு ரப்பியை அந்தப் பையன்கள் எப்படிப் பார்ப்பார்கள்? தங்கள் பெரியவர்களைக் கல்நெஞ்சக்காரர்களாகக் காட்டுகிறார்கள் என்று மனசு புண்படலாம். அந்த மௌனத்துக்கான காரணத்தை ரப்பி தானே கடைசியில் கண் கலங்கச் சொல்கிறார், அதுவரை பொறுத்துப் படிக்கிற வயதா என்று பார்க்க வேண்டும். டேனி அப்பாவின் இடத்தை விட்டுவிட்டு மனோதத்துவம் படிக்கப் போகிறான், தாடியை எடுத்துவிடுகிறான், ஆனால் கட்டளைகளைக் கைக்கொள்வதை விடவில்லை. இதைப் பாதிக் கதையில் நிறுத்திச் சொன்னால் ஓர் அர்த்தம், முடித்துச் சொன்னால் வேறு அர்த்தம்.

நம் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான். நம்புகிறவனை நாவல் மனுஷனாக நடத்துகிறதா? சந்தேகப்படுகிற பாத்திரம் இருந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை, அப்படிப்பட்ட பிள்ளைகள் என் பாயிலேயே இருக்கிறார்கள். ஆனால் தொழுகிறவன் எல்லாம் முட்டாள், சாமியார் எல்லாம் திருடன், ஜெபிக்கிற அம்மா கேலிப் பொருள் என்று போகிற புத்தகத்தை நான் கொடுக்க மாட்டேன். ஒரு முத்தக் காட்சியைத் தாண்டி வந்துவிடுகிற பிள்ளை, தன் வீட்டைக் கேலி செய்கிற பக்கத்தில் புத்தகத்தோடு சேர்த்துப் படிப்பையே மூடிவிடுகிறது. இதை இரண்டு தடவை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

'தி சோசன்' எங்களுக்கு வேறு இடத்தில் கடினமாக இருந்தது. 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட செய்தி அந்த வீடுகளுக்கு வந்து சேர்கிறது, பிறகு 1948-இல் இஸ்ரேல் உருவாவது வரை கதை போகிறது. ரூவனின் அப்பா அதற்காக ஓடி ஓடி உழைக்கிறார், டேனியின் அப்பா கடவுள் அனுப்பப்போகிற மீட்பரான மேசியா வருவதற்கு முன் அப்படி ஒரு நாடு கூடாது என்று கொதித்து, மகனை ரூவனோடு பேசவே விடுவதில்லை. மண்ணடிப் பிள்ளைகளுக்குப் பாலஸ்தீனம் தினமும் வீட்டில் பேசுகிற விஷயம். அதற்கு இரண்டு கோடு போட்டு நழுவுவது நியாயமாகப் படவில்லை. முந்தின வாரமே சொன்னேன்: அடுத்த வாரம் இது வருகிறது, கோபம் வந்தால் கோபத்தோடு வாருங்கள். வந்தார்கள். ஒரு பையன், "யூதர்களுக்குள்ளேயே இதுக்குச் சண்டை நடந்துச்சா?" என்று கேட்டான், அன்றைக்கு முழுக்க அதுதான் பேச்சு.

பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் ஒரு சீட்டில் கதையை நாலு வரியும், இரண்டு கோடு, மூன்று கோடு போட்ட பக்க எண்களையும் எழுதி வீட்டுக்கு அனுப்புகிறேன். வேண்டாம் என்று ஒரு வீடு சொன்னால் விவாதம் செய்வதில்லை, அந்தப் பிள்ளைக்கு வேறு புத்தகம் கொடுத்து அதே பாயில் உட்கார வைப்பேன். கூட்டத்தில் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். முடிந்தால் அதே மாதிரி வீட்டிலிருந்து வந்து இரண்டு மூன்று வருடம் முன்னால் படித்துப் போன ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுத்துக் கேளுங்கள். இமாமோ பாதிரியாரோ வீட்டுப் பெரியவரோ சொல்வது வேறு, அந்த வயதை இப்போதுதான் தாண்டியவர் சொல்வது வேறு. இரண்டும் வேண்டும், ஆனால் நான் முதலில் கேட்பது இரண்டாமவரை. தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரமலானில் நோன்பு திறக்கிற நேரத்திலும் தவக்காலத்தின் கடைசி வாரத்திலும் கனமான பாகத்தை வைக்காதீர்கள். யூத மாணவர்களாக இருந்தால் வெள்ளி சாயங்காலம் முதல் சனி இரவு வரை பேனாவையே தொட மாட்டார்கள், அன்றைக்கு எழுத்து வேலை கொடுத்தால் வாத்தியாருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம்.

அந்த மூன்றாவது மாடி உம்மா இப்போது இரண்டாவது மகளை அனுப்புகிறார். சீட்டை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். போன தடவை சீட்டைத் திருப்பித் தந்தபோது அதில் நான் எழுதாத ஒரு பக்க எண் பென்சிலில் இருந்தது, பக்கத்தில் இரண்டு கோடு.